ஏற்காட்டில் ‘ஐந்து நட்சத்திரம்’: போர்டை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு

2025 மே மாதம், ஏற்காட்டில் சீசன் உச்சம். சேலத்தில் எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அவர்களை மலைக்குக் கூட்டிப் போனார். ஆன்லைனில் இரண்டு அறை, இரண்டு ராத்திரி. ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு 6,800 ரூபாய். விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரம் வரிசையாக மின்னியது. ‘சொகுசு ரிசார்ட், ஏரியைப் பார்த்த அறை, 24 மணி நேரமும் வெந்நீர்.’

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அப்பாவுக்குத் தலைசுற்றல் அடங்கி, கதவைத் திறந்தால் முதலில் வந்தது ஈரக் கம்பளி வாசனை. கீசருக்கு மேலே செல்லோ டேப்பில் ஒட்டிய சீட்டு: ‘வெந்நீர் காலை 6 முதல் 8 வரை மட்டும்.’ ஏரியும் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒரு முழம் தண்ணீர். ரிசப்ஷனில் கேட்டதற்கு, “சீசன் மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்றார்கள்.

ஊர் திரும்பியதும் அலைச்சல் ஆரம்பித்தது. ஹோட்டலில் கேட்டால் “புக் பண்ணின சைட்டைக் கேளுங்க.” சைட்டில் கேட்டால் “ஹோட்டல் ஒத்துக்கிட்டாத்தான் ரீஃபண்ட்.” ஓர் அரசு அலுவலகத்தில் அரை நாள் உட்கார வைத்துவிட்டு, “இது எங்க வேலை இல்லம்மா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

கடைசியில் ஒரு துணிக்கடைக் கவரில் காகிதங்களைப் போட்டு, நுகர்வோர் மனுக்களைப் பார்த்துக் கொடுக்கும் என்னிடம் கொண்டு வந்தார். கவரில் எல்லாம் இருந்தது, முக்கியமான ஒன்றைத் தவிர. பணம் கட்டிய அன்று அந்த விளம்பரப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் கிடையாது. நான் போய்ப் பார்த்தபோது ‘ஐந்து நட்சத்திரம்’ காணாமல் போய் ‘பிரீமியம் ஸ்டே’ ஆகியிருந்தது.

அரசு கொடுக்கும் நட்சத்திரம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஹோட்டல்களுக்கு நட்சத்திரத் தகுதி கொடுக்கும் திட்டம் மத்திய சுற்றுலா அமைச்சகத்துடையது. ஒன்று முதல் ஐந்து வரை, அதற்கு மேல் ‘ஐந்து நட்சத்திர டீலக்ஸ்’. பழைய மாளிகைகளுக்கு ‘ஹெரிட்டேஜ்’ என்று தனி வகை. ஹோட்டல்காரர் விரும்பி விண்ணப்பித்தால்தான் குழு வந்து பார்க்கும், கட்டாயம் கிடையாது. கிடைத்த தகுதி 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆறு நட்சத்திரம், ஏழு நட்சத்திரம் எல்லாம் இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை. அப்படிப் போர்டு வைத்திருந்தால் அது அவர்களே ஏற்றிக்கொண்ட விளக்கு.

நமக்கு உதவுகிற விதிகள் சில உண்டு. நட்சத்திரத் தகுதிக்குக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். எல்லா அறைக்கும் வெளிப்பக்க ஜன்னல் வேண்டும். குழாயில் 24 மணி நேரமும் வெந்நீர், தண்ணீர் இரண்டும் வர வேண்டும். ஐந்து நட்சத்திரம் என்றால் குளியலறை போக அறை மட்டும் 200 சதுர அடி. ஆகவே காப்பித் தோட்டத்துக்குள் ஆறு காட்டேஜ் கட்டி ‘5 ஸ்டார் ரிசார்ட்’ என்று எழுதியிருந்தால், உள்ளே போகாமலேயே தெரிந்துகொள்ளலாம், அந்த நட்சத்திரம் அரசு கொடுத்ததாக இருக்காது. ஹோம் ஸ்டேக்கும் நட்சத்திரம் கிடையாது. அமைச்சகத்தின் திட்டத்தில் அவற்றுக்கு ‘சில்வர்’, ‘கோல்டு’ என்ற இரண்டு வகைதான்.

பார்ப்பது எங்கே? சுற்றுலா அமைச்சகத்தின் ‘நிதி’ என்ற இணையதளத்தில். (பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அங்கே யாரும் பணம் தர மாட்டார்கள்.) ஹோட்டல் பெயரைத் தேடி, வகையையும் செல்லுபடியாகும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். வரவேற்பறைச் சுவரில் பளபளவென்று தொங்கும் தகட்டுக்கு ஐந்து வருடம் எப்போதோ முடிந்திருக்கலாம்.

ஆன்லைன் நட்சத்திரம் வேறு ஜாதி. புக்கிங் தளங்களில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் ஹோட்டல்காரரே படிவத்தில் நிரப்பியது. அதற்குக் கீழே ‘4.3’ என்று இருப்பது தங்கியவர்கள் போட்ட மார்க். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நாம் பணம் கட்டுகிறோம். குழம்ப வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் நிறத்தில் வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘சொகுசு இல்லை’ என்று எழுதாதீர்கள்

என்னிடம் வரும் மனுக்களில் முக்கால்வாசி இங்கேதான் வழுக்குகின்றன. ‘ஐந்து நட்சத்திர வசதி இல்லை, ரூம் மோசம், மனசு வேதனை’ என்று நாலு பக்கம். எதிர்தரப்பு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: “இது அவரவர் எதிர்பார்ப்பைப் பொறுத்தது.”

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்றால் என்னவென்று பட்டியல் இருக்கிறது. ஒரு சேவை இன்ன தரத்தில், இன்ன நிலையில் உள்ளது என்று பொய்யாகச் சொல்வது அதில் வருகிறது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டுவதும் வருகிறது. மனுவை இந்த இரண்டில் கட்டுங்கள். அவர்கள் எழுதியது என்ன, கொடுத்தது என்ன, இரண்டுக்கும் ஆதாரம். ‘24 மணி நேர வெந்நீர்’ என்ற விளம்பரமும் ‘6 முதல் 8 வரை’ என்ற சீட்டின் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதற்கு மேல் எழுத அதிகம் தேவைப்படாது.

அதனால் பணம் கட்டும்போதே விளம்பரப் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நட்சத்திரம், வசதிப் பட்டியல், விலை, ரத்து விதி எல்லாம் அதில் தெரிய வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுங்கள். குறையை ரிசப்ஷனில் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அங்கிருந்தே அனுப்புங்கள். கிளம்பும்போது ஒரு ஃபீட்பேக் தாளை நீட்டுவார்கள். வண்டிக்கு நேரமாச்சு என்று ‘எக்ஸலண்ட்’ டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் பிறகு நமக்கு எதிராகவே வந்து நிற்கும்.

பில்லில் இருக்கும் கண்ணிகள்

அந்த அக்காவின் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். கேட்டதற்கு “ஸ்டார் ஹோட்டல்னா 18 தான் மேடம்” என்று பதில். பச்சைப் பொய். அறை வாடகைக்கான வரி, நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு வாங்கும் தொகையைத்தான் பார்க்கிறது. 7,500 ரூபாய்க்கு மேல் போனால்தான் 18. அதற்குள் என்றால் அன்றைக்கு 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். நாலு அறை வாடகைக்கு 27,200 ரூபாய். அதில் கூடுதலாகப் பிடித்த 6 சதவீதம் 1,632. மற்ற எல்லாவற்றுக்கும் இழுத்தடித்தவர்கள், கணக்கை எழுதி அனுப்பியதும் இந்த 1,632-ஐ மட்டும் ஒரே மின்னஞ்சலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சர்வீஸ் சார்ஜ் என்று சாப்பாட்டுப் பில்லில் தானாகச் சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரி என்றது. தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் சண்டை போடாதீர்கள். ஹோட்டலில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. மனுவில் அதைச் சேர்த்தால் மற்ற நியாயமான புகாரும் இளைத்துப் போகும்.

‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் வேண்டும். தமிழ்நாட்டு எண் என்றால் 33-இல் ஆரம்பிக்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் உண்மையான உரிமையாளர் பெயர் வரும். இது ஏன் என்றால், போர்டில் இருப்பது ஒரு பெயர், சட்டப்படி இருப்பது வேறொரு பெயர். போர்டுப் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பி, ‘அப்படி ஒரு நிறுவனம் இல்லை’ என்று திரும்பி வந்து, மூன்று மாதம் வீணான கதை எனக்குத் தெரியும்.

இன்னொரு கண்ணி. கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கடை வரியில் கழித்துக்கொள்ளலாம் (உள்ளீட்டு வரி) என்று சொல்லிக் குடும்பப் பயணத்தின் பில்லைச் சிலர் கடைப் பெயரில் போட்டுக்கொள்கிறார்கள். “இது வணிக நோக்கத்துக்கு, இவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்தரப்பு ஆரம்பித்துவிடும். சொந்தப் பயணத்துக்குச் சொந்தப் பெயரில் பில் வாங்குங்கள். பணம் கட்டியது மகள், தங்கியது அப்பா அம்மா என்றால் கவலை வேண்டாம், பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

எங்கே போவது, எங்கே போய் ஏமாறக் கூடாது

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். சில புகார்கள் இங்கேயே முடிந்துவிடும், குறிப்பாகப் பெரிய புக்கிங் தளங்கள் இருந்தால். ஆனால் அங்கே கொடுப்பது வழக்கு ஆகாது. ‘புகார் கொடுத்திருக்கேன், நம்பர் இருக்கு’ என்று இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. வழக்குப் போடக் கெடு இரண்டே ஆண்டு. 1915-இல் பேசிக்கொண்டிருந்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

புக்கிங் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் என்று ஒருவர் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. சாட்டில் வரும் ரோபோவிடம் மல்லுக்கட்டாமல் அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இந்த விலையில் இன்னும் ஓர் அறைதான்’ என்று பயமுறுத்திக் கட்ட வைத்திருந்தாலும், கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டணம் முளைத்திருந்தாலும் அதையும் எழுதுங்கள். பொய் அவசரமும் விலையை ஒளித்துவைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவதும் 2023 நவம்பர் முதல் தடை செய்யப்பட்டவை.

அப்புறம் நோட்டீஸ். ஹோட்டலுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்டில். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதாவது ‘கன்ஸ்யூமர் கோர்ட்’. சேலத்தில் குடியிருப்பவர் எங்கே தங்கி ஏமாந்திருந்தாலும் சேலத்திலேயே போடலாம். சென்னையிலிருந்து ஏற்காடு வந்து ஏமாந்தவர் சென்னையிலேயே போடலாம், மலை ஏற வேண்டாம். ‘குர்கான் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்’ என்று தளத்தின் விதியில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஓடிவிடாதீர்கள், அது நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது.

ஆணையத்தில் மனுப் போடக் கட்டும் கட்டணம் பற்றி ஒரு தப்பான பேச்சு உலவுகிறது. நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான் கட்டணம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலேயே மனுப் போடலாம், காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். “வக்கீல் இல்லாம வாங்க மாட்டோம்” என்று யாராவது வாயால் சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி நாள் குறித்துவிடாதீர்கள்.

அந்த அக்காவுக்கு ஸ்கிரீன்ஷாட் இல்லை என்றேன் அல்லவா? அப்பாவின் போனில் கிடைத்தது. ‘பாரு, எங்க பொண்ணு எந்த மாதிரி ஹோட்டல் புக் பண்ணிருக்கா’ என்று பணம் கட்டிய அன்றே அவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பெருமையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். தேதியோடு, ஐந்து நட்சத்திரத்தோடு. அதே குரூப்பில் இரண்டு வாரம் கழித்துக் காலை 5.40-க்கு இன்னொரு செய்தி: ‘வெந்நீர் வரல’, கூடவே கீசர் சீட்டின் படம்.

இரண்டையும் இணைத்து நோட்டீஸ் போன ஒன்பதாம் நாள் போன் வந்தது. “எவ்வளவு வேணும்னு சொல்லுங்க மேடம், கோர்ட்டு கேஸெல்லாம் எதுக்கு?” பேசலாம், தப்பில்லை. ஆனால் ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற மின்னஞ்சலை முதலில் அனுப்பச் சொல்வார்கள், பணம் ஏழு வேலை நாளில் வரும் என்பார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் அந்த மின்னஞ்சல். அக்கா அப்படியே சொன்னார். நாலாவது நாள் ஏறியது.