லீனியர் டைப்: 'நேரியல் வகை' என்றால் புரியுமா?

பள்ளிக் கணக்கில் லீனியர் என்றால் நேரியல். நேரியல் சமன்பாடு போட்டுப் பழகிய கை, நிரல்மொழியில் 'லீனியர் டைப்' என்று பார்த்ததும் 'நேரியல் வகை' என்றுதான் எழுதும். எழுதலாம், ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் இங்கே கோடும் இல்லை, நேரும் இல்லை.

டைப் (வகை) என்பது ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் முத்திரை. விஷயம் இதுதான்: லீனியர் டைப்பில் ஒரு மதிப்பை உருவாக்கினால் அதைச் சரியாக ஒரே முறை பயன்படுத்தியாக வேண்டும். கடன் மாதிரி. அடைத்தே ஆகணும், அடைத்த கடனை மறுபடி அடைக்கவும் மாட்டோம். திறந்த கோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மூட மறந்தாலும் தப்பு, மூடியதை இன்னொரு முறை மூடினாலும் தப்பு, இரண்டையும் நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) பிடித்துவிடும். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில், 2021-இல் வந்த ஜிஎச்சி 9.0 என்ற கம்பைலர் பதிப்பு முதல் இந்த வசதி உண்டு, அதற்கான நீட்டிப்பை இயக்கிவிட்டு ஃபங்ஷனின் வகையை எழுதும்போது வரும் அம்புக்குறிக்கு முன் %1 போட வேண்டும்.

பெயர் எங்கிருந்து வந்தது? லத்தீனில் லீனியா என்றால் ஆளிநார் நூல். கொத்தனார் நூல் பிடிப்பாரே, அப்படிப் பிடித்த நூல்தான் கோடாகி, கணக்கில் லீனியர் ஆனது. 1987-இல் ழான்-ஈவ் ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரர் லீனியர் லாஜிக்கை வெளியிட்டார். வழக்கமான தருக்கத்தில் ஓர் உண்மையை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்தாளலாம், இவருடையதில் எடுத்தால் தீர்ந்தது. கணக்கோடு ஒட்டும் இடமும் இருக்கிறது: எக்ஸை எக்ஸால் பெருக்கினால் அது இரண்டு முறை வந்துவிடுகிறது, அப்புறம் நேரியல் இல்லை. 1990-இல் ஃபிலிப் வாட்லர் இதை நிரல்மொழிக்கான வகைகளாக எழுதினார்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியும் இதே கதைதான் என்பார்கள், முழுக்கச் சரியில்லை. அங்கே ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) வேறொரு மாறிக்குக் கொடுத்துவிட்டுப் பழைய பெயரை அச்சிடப் போனால் 'பாரோ ஆஃப் மூவ்டு வேல்யூ', அதாவது கைமாறிய மதிப்பை இரவல் கேட்கிறாய் என்று கம்பைலர் நிறுத்திவிடும். ஆனால் பயன்படுத்தாமலே விட்டால் எச்சரிக்கையோடு சரி, பிழை ஆகாது. சினிமா டிக்கெட் போல, வாசலில் கிழித்தால் முடிந்தது, போகாமல் பையிலேயே வைத்திருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இதற்குப் பெயர் அஃபைன். லத்தீன் மூலத்தில் திருமண வழி உறவு என்ற பொருளும் உண்டு, அதை அப்படியே பெயர்த்தால் 'சம்பந்தி வகை' என்று வந்து நிற்கும்!

என் தேர்வு: லீனியருக்கு 'ஒருமுறை வகை', அஃபைனுக்கு 'ஒருமுறைக்கு மிகா வகை'. ஜிராருடையது மட்டும் 'நேரியல் தருக்கம்' என்றே இருக்கட்டும், அங்கே கணக்கோடு உள்ள தொடர்பு நிஜம்.