மொட்டை மாடியில் பேஸ் ஸ்டேஷன் வைக்காதீர்கள்

திருவொற்றியூரில் எங்கள் மேசைக்குப் போன வாரம் இன்னொரு ட்ரோன் காந்த ஆய்வுத் தரவு (ட்ரோனில் காந்தமானி கட்டிப் பறந்து, நிலத்தடிப் பாறைகளை அறிய எடுப்பது) வந்தது. பறந்தது மீஞ்சூர் பக்கம். வரைபடம் முழுக்கக் கோடு கோடாக விழுந்திருக்கிறது, மைக்ரோ லெவலிங் (பறந்த பாதையின் திசையில் விழும் கோடுகளைக் கணினியில் வடிகட்டி நீக்குவது) போட்டுக் கொடுங்கள் என்றார்கள். பேஸ் ஸ்டேஷனை, அதாவது ட்ரோன் பறக்கும் நேரம் முழுக்க ஒரே இடத்தில் நின்று காந்தப் புலத்தைப் பதியும் கருவியை, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி, தங்கியிருந்த லாட்ஜின் மொட்டை மாடியில். இப்படி வருவது இது முதல் முறை அல்ல என்பதால்தான் எழுதுகிறேன்.

"பேஸ் ரீடிங்கைக் கழித்துவிட்டோம், பகல் மாற்றம் சரியாகிவிட்டது" என்கிறார்கள். ஆகாது. பகல் மாற்றம் என்பது சூரியனால் காந்தப் புலம் நாள் முழுக்க ஏறி இறங்குவது. பேஸ் கருவி அதை மட்டும் பிரித்துப் பதிவதில்லை, அருகில் நகரும் இரும்பையும் சேர்த்தே பதிகிறது. ஒரு கார் 10 மீட்டரில் சுமார் 40 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) காட்டும். கண்டெய்னர் லாரியைக் கேட்கவே வேண்டாம். லாரி கடக்க அரை நிமிடம் ஆனால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோனின் பாதையில் 300 மீட்டருக்குத் தரையில் இல்லாத ஒரு பள்ளமோ மேடோ பதிந்துவிடும். கழித்ததால் வந்த பிழை அது! துறைமுக நெரிசலில் நின்று நின்று நகரும் வரிசை இன்னும் மோசம். மெதுவாக ஏறி இறங்குவதால் அசல் பகல் மாற்றம் போலவே தெரியும், எந்த ஃபில்டரிலும் சிக்காது. (மாடியின் கம்பி நகராது, அதன் நிலையான அளவு கழிந்துவிடும். ஆனால் சென்சாரைக் காற்று அசைத்தால் அதுவும் தொல்லைதான்.)

அதன்மேல் மைக்ரோ லெவலிங் போட்டால், பறந்த கோட்டின் திசையிலேயே ஓடும் உண்மையான பாறைத் தொடரும் பிழையோடு சேர்ந்து அழியும். முதலில் பகல் மாற்றம், ஐஜிஆர்எஃப் (பூமியின் பொதுவான காந்தப் புலத்தின் மாதிரியைக் கழிப்பது), டை லைன் லெவலிங் (குறுக்கே பறந்த கோடுகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது). கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், மைக்ரோ.

சொந்த பேஸுக்குப் பதிலாக, மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாக் காந்த ஆய்வகத் தரவை இறக்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன் மேலே பகலில் ஓடும் மின்னோட்டத்தால் தெற்கே போகப் போக மாற்றம் பெரிதாகும். அலிபாக்கின் வளைவு நமக்குப் பொருந்தாது.

சாலை, தண்டவாளம், மின்கம்பி மூன்றிலிருந்தும் இருநூறு மீட்டராவது தள்ளி, ஆய்வு நிலத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முந்தைய நாளே ஒரு மணி நேரம் ஓடவிட்டு வரைபடத்தைப் பாருங்கள், முள் முள்ளாக இருந்தால் இடம் மாற்றுங்கள். நொடிக்கு ஒரு ரீடிங் எடுங்கள், ஜிபிஎஸ் நேரத்தோடு. காந்தப் புயல் நாளில் பறக்கவே வேண்டாம். அப்புறம், தயவுசெய்து திருத்திய கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். பேஸின் மூலப் பதிவையும் அது நின்ற இடத்தின் ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.