ரோஜாவை வெட்டினால் ஏன் துளிர்க்கிறது?

டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பனி உருகியதும் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கும் கிளையை வெட்டினால் பூ எப்படிக் கூடும்?"

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஃபோர்சித்தியா என்ற புதர்ச்செடி மஞ்சளாகப் பூக்கும் நேரம், பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதி, கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டுவதற்கு, ஏற்றது. மார்ச் மாதத்து இரண்டு நாள் வெயிலை நம்பி வெட்டினால், கிளம்பிய தளிரை அடுத்த உறைபனி கருக்கிவிடும். செடி சேமித்த மாவுச்சத்தும் வீண். குளிருக்காகக் குவித்த மண்ணை விலக்குங்கள். பட்டுப்போன தண்டை, வெட்டுவாயின் நடுப்பகுதி பழுப்பு நீங்கி வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டுங்கள். ஹைப்ரிட் டீ என்ற ரோஜா வகையென்றால் பென்சிலைவிட மெலிந்த குச்சிகளை எடுத்துவிட்டு, நல்ல தண்டுகள் 3 முதல் 5 வரை வைத்து, 30–45 செ.மீ. உயரத்தில் நிறுத்துங்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு 5 மி.மீ. மேலே வெட்ட வேண்டும். அதிகம் விட்டால் அந்தக் கட்டை காய்ந்து கீழ்நோக்கிப் பட்டுவரும். ஒட்ட வெட்டினால் மொட்டே உலர்ந்துவிடும்.

இனி, வெட்டியதும் உள்ளே நடப்பது. ஒவ்வொரு இலைக்கோணத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அதை உறங்க வைப்பது தண்டின் நுனி. நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்குகிறது. 1933இல் திமன், ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் எழவில்லை.

வியப்பு இனிதான். இப்படி இறங்கும் ஆக்சின் மொட்டுக்குள் நுழைவதே இல்லை! பிறகு எப்படித் தடுக்கிறது? வளர விரும்பும் மொட்டு தன் ஆக்சினைத் தண்டுக்குள் அனுப்பியாக வேண்டும். நெரிசலான நெடுஞ்சாலையில் சந்திலிருந்து வரும் வண்டி நுழைய முடியாததுபோல, நுனியின் ஆக்சின் நிறைந்தோடும் தண்டில் அதற்கு இடமில்லை. நுனியை வெட்டினால் வழி திறக்கிறது. இது ஒரு முக்கிய விளக்கம்.

ஆனால் ஆக்சின் மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில்தான் நகரும். வெட்டிய இடத்துக்கு வெகு கீழே உள்ள மொட்டோ, அங்கே ஆக்சின் குறைவதற்கு முன்பே விழித்துவிடுகிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2014இல் பட்டாணிச் செடியில் இதற்கு விடை கண்டது: சர்க்கரை. நுனி இருந்தவரை இலைகள் செய்த சர்க்கரையைப் பெருமளவு அதுவே இழுத்துக்கொண்டது. அது போனதும் சர்க்கரை மொட்டுகளுக்குப் பாய்கிறது. இலையில்லாத வசந்த ரோஜாவில் வேரும் தண்டும் சேமித்ததுதான் அந்தச் சர்க்கரைக்கு மூலம். நோயுற்று வற்றிய செடி வெட்டினாலும் துளிர்க்கத் திணறுவது இதனால்தான்.

மொட்டை அடக்கும் இன்னொரு ஹார்மோன் ஸ்ட்ரிகோலாக்டோன். கரும்பையும் சோளத்தையும் உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதையை முளைக்கத் தூண்டும் பொருளாக இக்குடும்பத்தின் முதல் சேர்மத்தை 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிளைவிடுதலை அது அடக்குவது 2008இல்தான் தெரிந்தது. உடனடிப் பயன் என்னவென்று கேட்டே ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோர் இந்த 42 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்பிறையில் வெட்டினால்தான் தழைக்கும் என்போருக்கும் ஒரு வார்த்தை: மொட்டுக்குத் தேவை வெப்பமும் சர்க்கரையும், பிறையைப் பார்த்துக் காத்திருந்தால் நல்ல வாரம் கைநழுவும்.

உரத்தைத் தளிர் 10 செ.மீ. வளர்ந்தபின் இடுங்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வரும் போத்து, உங்கள் ரோஜாவுடையதல்ல, அதை ஒட்டிய வேர்ச்செடியுடையது. அதை அடியோடு பிய்த்தெடுங்கள், மேலாக வெட்டினால் மறுபடி கிளைக்கும். இதே கத்தரியோடு லைலாக், பெரிய இலை ஹைட்ரேஞ்சியா பக்கம் போகாதீர்கள். அவற்றின் பூமொட்டுகள் போன பருவத்திலேயே உருவாகிவிட்டன. இப்போது வெட்டினால் இந்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். பூத்து முடிந்ததும் வெட்டலாம்.