மம்மி: ஆற்றை அம்மா?

போன போயா விடுமுறையன்று வெள்ளவத்தை வீட்டில் நானும் என் பெறாமகனும் ஒரு மம்மிப் படம் பார்த்தோம். பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடிக் கொடுக்க விருப்பமில்லை. எகிப்தியக் கல்லறை என்று காட்டியது முழுக்க ரிஜிபோம். கதாநாயகன் தோளால் இடித்தபோது ஒரு மூலை உடைந்து வெள்ளை மணிகள் உதிர்ந்தன. மூவாயிரம் ஆண்டுப் பிணத்தைச் சுற்றியிருந்த துணியோ, நேற்றுப் பார்மசியில் வாங்கிய பண்டேஜ் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. சரி, கையில் காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள், இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது திரையின் அடியில் ஓடிய தமிழ். பெட்டி திறந்து அந்த உருவம் எழும்பியதும், "அம்மா எழுந்துவிட்டாள்! ஓடுங்கள்!" என்று வந்தது. பெறாமகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆற்றை அம்மா, சித்தப்பா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் மம்மி, டடி என்று கூப்பிடும் பிள்ளைகள் நிறையப் பேர். ஆங்கிலேயர் இரண்டு மம்மிக்கும் ஒரே எழுத்துக்கூட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவான மம்மி குழந்தையின் வாயில் பிறந்த சொல். கல்லறை மம்மி பாரசீகத்தில் பிறந்து, அரபுக்குப் போய், அங்கிருந்து லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. ஒலி ஒன்றானது தற்செயல்.

பாரசீகத்தில் மூம் என்றால் மெழுகு. இந்திக்காரர் மெழுகுதிரியை மோம்பத்தி என்கிறார்களே, அந்த மோமும் இதுதான். மூமிலிருந்து வந்த மூமியா, பாறை இடுக்குகளில் கசியும் தார் போன்ற கரிய பொருளைக் குறித்தது. எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் அதை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். நமக்கும் இது புதிதல்ல: மலைப்பாறையில் கசிந்து இறுகும் பொருளைக் கன்மதம் என்று சொல்லிச் சித்த வைத்தியர் மருந்தில் சேர்ப்பதுண்டு. ஆக, மூமியாவின் முதற்பொருளுக்குத் தமிழ் கேட்டால் கன்மதம் என்பதுதான் கிட்ட வரும். அதில் பிணமும் இல்லை, பேயும் இல்லை.

அப்புறம் எப்படிப் பிணத்துக்கு வந்தது? எகிப்தில் கிடைத்த பழைய உடல்கள் பிசின் பூசப்பட்டுக் கறுத்து இறுகியிருந்தன. பார்த்தவர்களுக்கு அது மூமியா போலவே தெரிந்தது. முதலில் உடலில் பூசியிருந்த பொருளை மூமியா என்றார்கள். போகப்போக உடலே மூமியா ஆகிவிட்டது. அடுப்பிலிருந்து பாலை இறக்கு என்றால் பால் இருக்கும் சட்டியைத்தானே இறக்குகிறோம்? பள்ளிக்கூடத்தில் தானியாகுபெயர் என்று படித்தது இதைத்தான். மம்மி உலகம் முழுக்கச் சுற்றிய ஓர் ஆகுபெயர்.

இந்தப் பெயர் மாற்றத்தால் வந்த கூத்து கொஞ்சமல்ல. மூமியா மருந்து என்றால் மூமியாவாகிய பிணமும் மருந்துதானே என்று ஐரோப்பிய மருந்துக் கடைகள் பல நூற்றாண்டுகளாக எகிப்தியப் பிணங்களை இடித்துத் தூளாக்கி விற்றன. வாங்கிக் குடித்தவர்களில் அரசர்களும் உண்டு. பழைய பிணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது புதுப் பிணங்களைக் காயவைத்துப் பழசு என்று விற்றவர்களும் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சுச் சத்திர வைத்தியர் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். அதே தூளைக் குழைத்து மம்மி பிரவுன் என்று ஒரு கபில நிறச் சாயமும் செய்து ஓவியர்களுக்கு விற்றார்கள். உண்மையான திகில் படம் வேண்டுமென்றால் இங்கே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

எகிப்தியர் தாங்கள் பக்குவப்படுத்திய உடலை மம்மி என்று சொன்னதே இல்லை. அவர்கள் சொல் சாஹ். மேன்மை என்ற பொருளும் அதில் உண்டு. செய்முறையை நீர்கொழும்பில் கருவாடு போடுகிறவர்களிடம் சொன்னால் உடனே விளங்கும்: குடலை எடு, உப்பில் போடு, ஈரத்தை வற்றவிடு. உப்பு மட்டும் வேறு. நேட்ரன் என்று பாலைவனத்தில் கிடைக்கும் இயற்கை உப்பு, பெரும்பாலும் சோடியம் காபனேற்று வகை. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனியே பக்குவப்படுத்திச் சாடிகளில் வைத்தார்கள். இதயத்தை உடலிலேயே விட்டார்கள், நினைவும் அறிவும் அங்கேதான் என்று நம்பியதால். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்து எறிந்துவிட்டார்கள். எல்லாம் முடிய 70 நாள். இதைச் சொன்னதும் பெறாமகன் கேட்டான்: "மூளை இல்லாமல் அது எப்பிடி மெயின் சுவிச்சை நிப்பாட்டினது?" படத்தில் அப்படி ஒரு காட்சி இருந்தது.

சரியான தமிழ் எது? தமிழ் விவிலியத்தில், யாக்கோபு எகிப்தில் இறந்தபோது வைத்தியர் அவருக்குச் "சுகந்தவர்க்கமிட்டார்கள்" என்று வருகிறது. அழகான சொல்தான். ஆனால் அது வாசனைப் பொருளை மட்டும் சொல்கிறது, உப்பைச் சொல்லவில்லை. சிலர் முதுமக்கள் தாழியை இழுத்து வருவார்கள். அது அடக்கம் செய்யும் பானை. புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் கிடைத்த தாழிகளில் எலும்புதான் இருந்தது. உடலைக் காப்பது அதன் நோக்கமல்ல.

என் வாக்கு பாடம் செய்த உடல் என்பதற்கே. யாழ்ப்பாணத்தில் புகையிலையைப் பாடம் போடுவார்கள். கண்டி தலதா மாளிகையில் நிற்கும் ராஜா யானை பாடம் செய்தது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். கெட்டுப்போகிற ஒன்றைக் கெடாமல் பக்குவம் பண்ணுவதுதான் பாடம். ராஜாவில் மிஞ்சியிருப்பது தோல், மம்மியில் முழு உடல் என்ற வேறுபாடு உண்டு. அதைச் சொல் தாங்கும். பதனிட்ட உடல் என்பதும் பிழையில்லை. ஆனால் எனக்கு அதில் தோல் தொழிற்சாலை வாடை வருகிறது.

கொழும்பில் இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் எம்பாம். கனடாவிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை மலர்ச்சாலையில் வைத்திருக்கிறோமே, அதற்காகச் செய்வது. இரத்தக் குழாய் வழியே போர்மலின் கலந்த திரவத்தை ஏற்றுவார்கள். உடல் சில நாள் தாங்கும், ஈரமும் போகாது. பொரளை மலர்ச்சாலையில் கிடத்தியிருக்கும் பெரியவரை மம்மி என்றால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள். சொல்லளவிலும் அவர்கள் பக்கமே நியாயம்.

அப்படியானால் படத்தில் வந்தது என்ன? பாடம் செய்த உடல் எழும்பி நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. பா என்ற உயிர்ப்பறவை இரவில் திரும்பி வந்து தங்க ஒரு வீடு வேண்டுமென்பது எகிப்தியர் எண்ணம். 1922இல் எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறை கிடைத்து, அடுத்த ஆண்டே அதைத் தேடப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு நுளம்புக்கடி புண்ணாகி இறந்தார். சாபம் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 1932இல் போரிஸ் கார்லோஃப் என்ற நடிகர் திரையில் மம்மியாக வந்தார். அதிலும் துணி சுற்றிய கோலம் சில நிமிடம்தான். மீதி முழுவதும் சுருங்கிய முகத்தோடு நடித்தே பயமுறுத்தினார். பிறகு வந்த மலிவுப் படங்கள் துணியை மட்டும் பிடித்துக்கொண்டன. முகம் தெரியத் தேவையில்லை, வசனம் இல்லை, யாரை உள்ளே விட்டாலும் நடக்கும். இவற்றுக்கு மம்மிப் பேய் என்ற சொல் போதும். நல்ல பாடம் செய்த உடலைப் போய் ஏன் இதில் செலவழிக்க வேண்டும்?

அந்த உபதலைப்புக்கும் இலக்கியம் தேவைப்படவில்லை. "பிணம் எழும்பிவிட்டது" என்று போட்டிருந்தால் பெறாமகன் ஒரு தடவையாவது பயந்திருப்பான். மிச்சப் படம் முழுக்க, அந்த உருவம் வரும்போதெல்லாம் "அம்மா வாறா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.