ஸ்கோலினும் ஜி6பிடியும்: மரபணுத் தகவலை எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம்?

நோயாளியின் ரத்தச் சர்க்கரை காலையில் ஓர் அளவிலும் மாலையில் வேறோர் அளவிலும் இருக்கும். அதை அன்றன்றைக்குச் சார்ட்டில் எழுதி, அதற்கேற்ப இன்சுலின் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆனதும் கோப்பை மூடிவைப்பதில் பிழையில்லை. ஒருவருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி சுரப்பதில்லை என்ற முடிவு அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது அவர் ஆயுள் முழுதும் மாறாது. அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பொருந்தக்கூடும். பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், அவரை முன்பின் அறியாத மருத்துவர் ஒருவருக்கு நள்ளிரவில் தேவைப்படும். ஆனால் நம் பதிவேடுகள், காகிதமானாலும் கணினியானாலும், ஓர் அட்மிஷனுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கிலேயே அமைந்திருக்கின்றன. வார்டிலும், பின்னர் மின்னணுப் பதிவுகளை வடிவமைக்கும் குழுவிலும் செவிலியராகப் பணிபுரிந்ததில் நான் கண்டது இதுதான்: மரபணு ஆய்வின் பலன் நோயாளியைச் சென்றடையாமல் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இந்தப் பதிவேடே.

இதை விளக்க, நம் பகுதிக்கு மிகவும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவசர அறுவைச் சிகிச்சைகளில் மூச்சுக்குழாய் பொருத்துவதற்காகத் தசைகளைச் சில நிமிடங்கள் தளர்த்தி வைக்கும் சக்சமெத்தோனியம் என்ற மருந்தைத் தியேட்டர்களில் எல்லோரும் ஸ்கோலின் என்றே அழைக்கிறோம். ரத்தத்தில் உள்ள பியூட்டிரில்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி இந்த மருந்தை மிக வேகமாகச் சிதைத்துவிடுவதால், பெரும்பாலானவர்களுக்குப் 10 நிமிடங்களுக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். அந்த நொதி செயல்படாதவர்களுக்கு அதே அளவு மருந்து பல மணி நேரம் நீடிக்கும். இதற்கு ஸ்கோலின் ஆப்னியா என்று பெயர். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வு, ஆரிய வைசியச் சமூகத்தினரிடையே இக்குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை அடையாளம் காட்டியது: அந்த நொதிப் புரதத்தின் 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் புரோலின் அமைந்திருக்கிறது. பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்துவரும் எந்தக் குழுவிலும், முன்னோர் ஒருவரிடம் இருந்த அரிய மாற்றம் காலப்போக்கில் பலரிடம் பரவியிருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் அத்தகைய குழுக்கள் ஏராளம் என்பதால்தான், 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு நமக்கு முக்கியமாகிறது.

ஸ்கோலின் ஆப்னியா வந்தால் உயிர் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதை உடனே உணர்ந்துகொண்டு, நோயாளியை வென்டிலேட்டரில் வைத்து, தசை இயக்கம் திரும்பும்வரை தூக்க மருந்தைத் தொடர்ந்தால் பெரும்பாலானோர் எந்தப் பாதிப்பும் இன்றி மீள்வர். தூக்க மருந்தைத் தொடர்வது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மயக்கம் தெளிந்து, காது கேட்டு, வலி தெரிந்து, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பது எவ்வளவு கொடியது என்பதை மீண்டு வந்தவர்களிடம் கேட்டால்தான் விளங்கும். அசையாமல் கிடக்கும் நோயாளியின் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று ஏறினால், அது விழிப்பின் அடையாளமாக இருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் செவிலியர்.

இந்த நொதியின் அளவைக் காணும் பரிசோதனை நம்மூருக்குப் புதிதன்று. பூச்சிக்கொல்லி விஷம் குடித்தவர்களுக்கு நாள்தோறும் எடுக்கப்படும் கோலினெஸ்டெரேஸ் பரிசோதனைதான் இதற்கும் உதவுகிறது. அதனால் ஒரு விபரீதமும் நேரக்கூடும். பிறவிக் குறைபாடு உள்ளவருக்கு வேறு காரணத்துக்காக இந்தப் பரிசோதனை செய்யப்பட்டு முடிவு மிகக் குறைவாக வந்தால், அவர் விஷம் குடித்ததை மறைக்கிறார் என்று எண்ண இடமுண்டு. நொதியளவு குறைவு என்று மட்டும் எழுதாமல், அது விஷத்தாலா, கர்ப்பத்தாலா, கல்லீரல் நோயாலா, பிறவியிலேயேவா என்ற காரணத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். முதல் மூன்றும் நிலைமை சீரானால் மாறிவிடும், நான்காவது மாறாது.

கணினியில் அலர்ட் வைத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வார்டில் ஒரு மாத்திரையை மருத்துவர் கணினியில் எழுதுகிறார், மருந்தகம் வழங்குகிறது, செவிலியர் பட்டையை ஸ்கேன் செய்து கொடுக்கிறார். இந்த மூன்று இடங்களிலும் எச்சரிக்கை எழ வாய்ப்புண்டு. ஸ்கோலின் அந்த வழியாக வருவதில்லை. தியேட்டர் ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பியை எடுத்துச் சிரிஞ்சில் ஏற்றிச் செலுத்திய பிறகுதான், பெரும்பாலும், அது மயக்கவியல் குறிப்பில் எழுதப்படுகிறது. எவ்வளவு நேர்த்தியான மென்பொருளும் தனக்குச் சொல்லப்படாத மருந்தைத் தடுக்க முடியாது. எனவே இங்கு எச்சரிக்கை சேர வேண்டிய இடம் திரையன்று. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் முதல் கட்டம். மயக்கம் கொடுப்பதற்கு முன் ஒவ்வாமை உண்டா என்று வாய்விட்டுக் கேட்கும் அந்த வரிக்குக் கீழே, "மயக்க மருந்து தொடர்பான பரம்பரைக் குறைபாடு உண்டா" என்ற வரியையும் சேர்த்து, செவிலியர் அதை உரக்கப் படிக்க வேண்டும். செவிலியத் தகவலியல் என்றதும் கணினியை மட்டும் நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். தகவல் உரிய நேரத்தில் உரியவர் காதில் விழ வழி செய்வதே அந்தத் துறையின் வேலை. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1992இல் அதைச் செவிலியத்தின் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றபோது மென்பொருள் விற்பதற்காக ஏற்கவில்லை.

சரி, குறைபாடு இருப்பதே தெரியாதவரிடம் என்ன கேட்பது? குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்று கேட்டால் இல்லை என்பதே பெரும்பாலும் பதில். "உங்கள் வீட்டில் யாரையாவது ஆபரேஷன் முடிந்த பிறகும் மூச்சு வரவில்லை என்று மெஷினில் வைத்திருந்தார்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அக்காவின் பிரசவமோ சித்தப்பாவின் அறுவைச் சிகிச்சையோ நினைவுக்கு வரும். அந்த நிகழ்ச்சி பல குடும்பங்களில் நோய்க்குறிப்பாக அல்ல, ஒரு மனக்குறையாகவே தங்கியிருக்கிறது: மயக்க மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள் என்று. அந்தக் குறையைக் குறுக்கிடாமல் கேட்டால், அதற்குள் ஒரு மரபணுத் தகவல் இருக்கக்கூடும்.

சேர்க்கைப் படிவத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் வைத்துவிட்டால் வேலை எளிதாகிவிடுமே என்ற யோசனை வடிவமைப்புக் கூட்டங்களில் எழும். நான் அதை ஏற்பதில்லை. ஒரு சமூகத்தில் பிறந்த எல்லோருக்கும் இக்குறைபாடு இருப்பதில்லை. பிற சமூகங்களில் பிறந்தோருக்கும் இது வருகிறது. சாதியைப் பார்த்து முடிவெடுக்கப் பழகிய கண், பட்டியலில் இல்லாதவருக்கு வரும்போது அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். அது போக, மருத்துவமனைக் கணினியில் ஒருமுறை ஏறிய சாதிக் கட்டம் மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே பயன்படும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. குடும்ப வரலாற்றைக் கேட்பதும், ஐயம் எழுந்தால் நொதியளவைப் பார்ப்பதும் போதுமானவை.

ஜி6பிடி குறைபாட்டில் சிக்கல் வேறு விதமானது. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. சிவப்பணுக்களைக் காக்கும் இந்த நொதி குறைந்தவர்களுக்கு, மலேரியாவுக்கான பிரைமாகுயின், தோல் நோய்க்கும் தொழுநோய்க்கும் தரப்படும் டாப்சோன், புற்றுநோய் வார்டில் யூரிக் அமிலத்தைக் குறைக்கச் செலுத்தும் ராஸ்புரிகேஸ் போன்றவை சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டைகூடத் தீங்கு செய்யும். ராஸ்புரிகேஸ் செலுத்தியபின் பல்ஸ் ஆக்சிமீட்டர் 85 சதவீத அளவில் நின்று, ஆக்சிஜனைக் கூட்டியும் ஏறாவிட்டால், ஆக்சிஜனைச் சுமக்க இயலாத ஹீமோகுளோபின் வகையான மெத்ஹீமோகுளோபின் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வழக்கமாகத் தரப்படும் மெத்திலீன் புளூவும் இவர்களுக்கு ஆகாது என்பது நினைவிருக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனையின் முடிவைப் பதியும்போது நாள் மிக முக்கியம். சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால், நொதி குறைந்த பழைய அணுக்கள் அழிந்துபோய், நொதி மிகுந்த இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் முடிவு இயல்பு என்று வரக்கூடும். ரத்தம் ஏற்றியபின் எடுத்தாலும் அதே குழப்பம்; நாம் அளப்பது கொடையாளரின் நொதியாக இருக்கலாம். ஆகவே ஜி6பிடி இயல்பு என்ற சொற்றொடர் தனியாக நின்றால் அதை நம்பலாகாது. எந்த நாளில் எடுத்தது, அப்போது ரத்தச் சிதைவு இருந்ததா, அதற்கு முன் ரத்தம் ஏற்றப்பட்டதா என்ற மூன்றும் கூடவே இருக்க வேண்டும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை என்ற குறிப்பு டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் புதைந்து கிடக்காமல், அந்த நாளில் யாரோ ஒருவருடைய வேலைப் பட்டியலில் தோன்றவும் வேண்டும். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்து வைக்க நினைவூட்டுவது வார்டு செவிலியரால் எளிதில் முடியும்.

இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. பையனின் தாய்மாமனுக்கு இருந்தால் பையனுக்கும் இருக்க வாய்ப்புண்டு. அவன் சித்தப்பாவுக்கு இருப்பதால் மட்டும் அந்த வழியில் இவனுக்கு வராது. தாய்வழியா தந்தைவழியா என்று பிரிக்காத படிவத்தால் இங்கே பயனில்லை. உறவுக்குள் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாட்டில் பெற்றோர் உறவினரா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்கள் போதா; அக்காள் மகளா, அத்தை மகனா என்பதையும் எழுத இடம் வேண்டும்.

பச்சிளம் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஜி6பிடியைச் சேர்த்திருக்கும் மருத்துவமனைகளில், முடிவு வருவதற்குள் தாய் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்கு வழங்கப்படும் 12 இலக்க ஆர்சிஎச் (தாய்சேய் நலப் பதிவு) எண்ணை மாதிரி அட்டையில் தெளிவாக எழுதிவிட்டால், முகவரியும் கைபேசி எண்ணும் மாறினாலும் கிராம சுகாதார செவிலியர் மூலம் அந்தக் குழந்தையைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறது. அட்டையில் பெயருக்கு நேரே குழந்தை என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமாசெபின் மூன்றாவது எடுத்துக்காட்டு. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோல் உரிந்து உயிரைப் பறிக்கக்கூடிய ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியை உண்டாக்கும் அபாயம் மிக அதிகம் என்பது 2004இல் தைவான் ஆய்வில் வெளிவந்தது. சிங்கப்பூர் 2013 முதல், இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே அப்பரிசோதனை செய்வதை வழக்கமான சிகிச்சைமுறையாக ஆக்கியது. பரிசோதனை எளிதில் கிடைக்காத இடத்தில் செவிலியர் செய்யக்கூடியது, முதல் மாதங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், தோலில் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே வரச் சொல்வதும், அப்படிச் சொன்னதைப் பதிவதும்.

பதிவின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரபணு அறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் மனிதர் அதைத் திறந்து படிக்கலாம். கணினிக்கு அது வெறும் படம், அதைக் கொண்டு எச்சரிக்கை எழுப்ப முடியாது. இந்தியாவின் மின்னணு நலப்பதிவுத் தரநிலைகள் பரிந்துரைக்கும் ஸ்னோமெட் சிடி போன்ற மருத்துவச் சொற்குறியீட்டில் பதிந்தால்தான் அடுத்த மென்பொருளும் புரிந்துகொள்ளும். நாடு முழுதும் நலப்பதிவுகளை இணைப்பதற்கான 14 இலக்க ஆபா எண்ணில் இணைத்தாலும் இதே நிலைதான். எதற்கெடுத்தாலும் சிவப்புப் பெட்டி எழும் கணினியில் எல்லோரும் படிக்காமலேயே சரி என்று அழுத்தப் பழகிவிடுவதால், ஆயுள் முழுதும் நிற்க வேண்டிய இத்தகைய சில எச்சரிக்கைகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது நல்லது. இவற்றை ஒவ்வாமைக் கட்டத்துக்குள் திணிப்பதும் சரியன்று. ஒவ்வாமை என்று கண்டால் பலர் அரிப்பு வரும் என்றே நினைப்பர்.

கணினிகள் ஒன்றோடொன்று பேசும்வரை நோயாளியின் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். ஆகாத மருந்தின் பொதுப்பெயர், புழக்கப்பெயர், என்ன நடந்தது, நொதியளவும் அது எடுக்கப்பட்ட நாளும், மாற்றாக எதைப் பயன்படுத்தலாம், உறவினருள் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி, மயக்கவியல் மருத்துவரின் கையொப்பத்துடன் கொடுக்கலாம். ஸ்கோலின் குறைபாட்டில் பெற்றோர் இருவரிடமிருந்தும் மாற்றம் வர வேண்டும் என்பதால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோயாளி விரும்பினால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அக்கடிதத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. அவர்கள் வந்து ரத்தம் கொடுத்த பிறகே, அவரவர் முடிவை அவரவர் பதிவில் ஏற்ற வேண்டும். அண்ணனுக்கு இருப்பதால் தம்பிக்கும் இருக்கும் என்ற ஊகத்தைத் தம்பியின் பதிவில் உறுதியான முடிவாக எழுதக் கூடாது.