கால்சியம் அயனி காந்தத்தில் சுழலுமா? காப்பு வாங்குமுன் ஒரு கணக்கு

டர்பன் பக்கம் காந்தக் காப்பும் துடிப்புக் காந்தப் பாயும் விற்கிறவர்கள் சொல்கிற விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கால்சியம் அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள கால்சியம் அணு, காந்தப்புலத்தில் 38 ஹெர்ட்சில் (நொடிக்கு 38 சுற்று) சுழல்கிறதாம். அதே அதிர்வெண்ணை வெளியிலிருந்து கொடுத்தால் அயனி செல்லுக்குள் சுலபமாக நுழைந்துவிடுமாம். இது வியாபாரி இட்டுக்கட்டியதும் அல்ல. இயற்பியலாளர் ஆபிரகாம் லிபோஃப் 1985-இல் முன்வைத்த சைக்ளோட்ரான் ஒத்ததிர்வுக் கருத்துதான்: அயனி சுழலும் அதிர்வெண்ணிலேயே வெளிப்புலமும் துடித்தால் அதன் இயக்கம் வலுக்கும் என்பது.

அயனியின் மின்னூட்டத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கி, நிறையாலும் 2π-ஆலும் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். 38 ஹெர்ட்ஸ் வர காந்தப்புலம் 50 மைக்ரோடெஸ்லா (புல வலிமையின் அலகு) வேண்டும். அது வட ஐரோப்பாவின் புலம். தென்னாப்பிரிக்காவில் பூமியின் புலம் 25 முதல் 30 வரைதான். 28 என்று வைத்தால் விடை 21 ஹெர்ட்ஸ். 38-க்கு அமைத்த கருவி அவர்கள் கணக்குப்படியே இங்கே பொருந்தாது. காப்போ இன்னும் மோசம்: காந்தத்தை விட்டு ஒவ்வொரு மில்லிமீட்டர் விலகும்போதும் புலம் மாறுவதால், மணிக்கட்டுக்குள் ஒரே அதிர்வெண் என்பதே கிடையாது.

பெரிய ஓட்டை, அயனி மிதக்கும் உடல் தண்ணீரில் இருக்கிறது. உடல் வெப்பத்தில் கால்சியம் அயனியின் வேகம் நொடிக்குச் சுமார் 440 மீட்டர். 28 மைக்ரோடெஸ்லாவில் அது தடையின்றிச் சுழன்றால் வட்டத்தின் ஆரம் 3 மீட்டருக்கு மேல். செல்லின் அகலம் 20 மைக்ரான்! ஒரு சுற்றுக்கு 47 மில்லிநொடி ஆகும். அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள் அயனியின் திசையை லட்சம் கோடி தடவைக்கு மேல் மாற்றிவிடும். போதாததற்கு அயனி தனியாகப் போவதில்லை. ஆறு நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டாலே நிறை 40-இலிருந்து 148 ஆகி, 21 ஹெர்ட்ஸ் 6-க்குக் கீழே இறங்கும்.

பிறகு சில கணினி மாதிரிகளில் மட்டும் அழகான சுருள் வருவது எப்படி? லாஞ்செவான் சமன்பாடு என்பது உராய்வையும் மூலக்கூறுகளின் வெப்ப மோதலையும் சேர்த்து அயனியின் நகர்வைக் கணிப்பது; அதில் கால அடி (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) ஒரு நொடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். அப்படி ஒரு சுற்று ஓட்டக் கணினி தாங்காது. அதனால் உராய்வைக் குறைத்து, வெப்ப இரைச்சலை எடுத்துவிடுகிறார்கள். படம் வரும், தண்ணீர் இருக்காது. அடியடியாகக் கணக்கிடும் சாதாரண ஆய்லர் முறையில் ஒவ்வொரு அடியிலும் ஆற்றல் தானாக ஏறுவதும் ‘ஒத்ததிர்வு’ மாதிரியே தெரியும். காந்தப்புலத்துக்கென்றே உள்ள போரிஸ் கணக்கீட்டு முறையில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் புலத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். 25 டிகிரியில் பரவல் எண் (அயனி தண்ணீரில் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 0.8×10⁻⁹ சதுர மீட்டர் அருகே வராவிட்டால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம்.

செல்களை வைத்துச் செய்யும் ஆய்வகச் சோதனையிலும் இப்படி ஏமாறலாம். செல்களை இளஞ்சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரின் மின்விசிறியும் ஹீட்டருமே 50 ஹெர்ட்ஸ் புலம் தருபவை. செல் தட்டு இருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். காந்தப்புலம் கொடுக்காமல் ஒப்பிடும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு, எதிரெதிராக மின்சாரம் ஓடி, புலம் ரத்தாகிச் சூடு மட்டும் மிஞ்சும் இரட்டைச் சுற்றுச் சுருள் வேண்டும். இல்லையேல் சுருளின் சூடு காந்தத்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.

காப்பை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் எந்தக் காந்தத்தையும் கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும்; புலம் 1 மில்லிடெஸ்லாவைத் தாண்டினால் பேஸ்மேக்கர் தன் இயக்க முறையை மாற்றிக்கொள்ளக்கூடும்.