சந்தேகம் வினையிலா, விகுதியிலா?

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் புரியாத மாணவர் எழுந்து, "ஐ ஹேவ் எ டவுட், சார்" என்று சொல்வது அன்றாடம் காதில் விழும் வாக்கியம். அவருக்கு ஆசிரியர்மீது அவநம்பிக்கை ஏதுமில்லை. ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவருக்கு, ஆசிரியர் சொன்னது சரிதானா என்று மாணவர் ஐயுறுவதாகவே அது ஒலிக்கக்கூடும். ஆங்கில இலக்கணப் புத்தகத்தை நெட்டுருப் போடுவதால் மட்டும் இந்தக் குழப்பம் தீராது. ஏனெனில் நம்பாமையையும் கேலியையும் சுமக்கும் வேலையை ஆங்கிலம் பெரும்பாலும் தனிச்சொற்களிடம் விட்டிருக்கிறது. தமிழோ அதை வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே முடித்துக்கொள்கிறது.

"அவன் எடுத்திருப்பானோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றால், எடுத்திருப்பான் என்ற பக்கமே பேசுபவரின் மனம் சாய்கிறது. "அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்தான்" என்றால் சாய்வு நேர் எதிர்த்திசைக்குப் போய்விடுகிறது. இரண்டிலும் சந்தேகம் என்ற சொல் ஒன்றுதான். ஓகாரமும் ஆகாரமும்தான் திசையைத் திருப்புகின்றன. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'சஸ்பெக்ட்', பின்னதற்கு 'டவுட்' என்று வினைச்சொல்லே மாறியாக வேண்டும். 'ஐ டவுட் ஹி ஸ்டோல் இட்' என்று எழுதியவர் அவனைக் குற்றம் சாட்டவில்லை, அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். காவல் நிலையத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதுபவர் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால், புகாரே தலைகீழாகிவிடும். (சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'டவுட்' என்பதற்கு 'அப்படித்தான் இருக்குமோ என்று அஞ்சுதல்' என்ற பொருளும் இருந்தது, ஸ்காட்லாந்துப் பேச்சில் அது இன்றும் வழங்குகிறது. ஆகவே நம் மாணவர்கள் செய்வது அறிவுக்குப் பொருந்தாத பிழை அன்று.)

'சஸ்பிஷஸ்' என்ற பெயரடை இன்னும் வழுக்கலானது. சந்தேகப்படுகிறவருக்கும் அதே சொல், சந்தேகத்துக்கு உரியவருக்கும் அதே சொல். அதன் பின்னால் 'ஆஃப்' வந்தால் முதல் பொருள் உறுதியாகிறது. வராவிட்டால் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'டிஸ்டிரஸ்ட்', 'மிஸ்டிரஸ்ட்' ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மெல்லியது: பட்டறிவால் வந்த நம்பாமைக்கு முதலாவதையும், காரணம் தெளிவாகச் சொல்ல முடியாத உறுத்தலுக்கு இரண்டாவதையும் சிலர் வைத்துக்கொள்வார்கள், பலர் பொருட்படுத்துவதில்லை. 'ஸ்கெப்டிக்' என்பவர் ஒரு கூற்றுக்குச் சான்று கேட்பவர். கிரேக்க வேரில் அதற்கு 'உற்றுப் பார்த்தல்' என்று பொருள். 'சினிக்' என்பவர் மனிதர்களின் நோக்கத்தையே நம்பாதவர். அதன் வேர் 'நாய் போன்ற' என்பது. முன்னவரிடம் சான்றைக் காட்டினால் வழிக்கு வருவார். பின்னவர், அந்தச் சான்றைக் கொண்டுவந்ததில் உமக்கு என்ன ஆதாயம் என்று கேட்பார்.

நம்பாமை எந்த இடத்தில் கேலியாக மாறுகிறது என்பதைப் பார்க்கக் குளச்சல் மீன் சந்தை போதும். "காலையில புடிச்ச அயலையாக்கும், மக்களே" என்கிறார் விற்கும் அம்மா. வாங்க வந்தவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம், "கேட்டியளாக்கா, காலையில புடிச்சதாம்" என்கிறார். 'ஆக்கும்' சொன்னதை அழுத்துகிறது. 'ஆம்' அதே சொல்லை எடுத்து, இது என் வார்த்தை அன்று என்று தள்ளி வைக்கிறது. மொழிப்பயன்பாட்டை ஆராய்ந்த டான் ஸ்பெர்பரும் டெய்ர்ட்ரே வில்சனும் 1981இல் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது: எள்ளல் என்பது சொன்னதற்கு எதிர்ப்பொருளைக் குறிப்பது அன்று, பிறருடைய கருத்தை எதிரொலித்து அதிலிருந்து விலகி நிற்பது. எதிரொலிப்பதற்கென்றே ஒரு விகுதி தமிழில் ஆயத்தமாக இருக்கிறது. ஆங்கிலம் 'சப்போசெட்லி' (அப்படியாம்), 'அலெஜெட்லி' (குற்றச்சாட்டின்படி), 'சோ-கால்ட்' (அப்படி அழைக்கப்படுகிற) என்று சொற்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இவற்றுள் 'அலெஜெட்லி' செய்தித்தாள்கள் வழக்குக்கு அஞ்சி அணியும் கவசம், அதில் பெரும்பாலும் கேலி இல்லை. 'சோ-கால்ட்' என்பதிலோ பெரும்பாலும் இருக்கிறது.

கேலிச் சொற்களுள் 'ஸ்காஃப்' என்பதில்தான் இரண்டும் கலக்கின்றன: நம்பாமல் சிரிப்பது அது. 'ஸ்னீர்' உதட்டுச் சுளிப்பில் இருக்கிறது, 'ஜியர்' கூட்டத்தின் கூச்சலில் இருக்கிறது. குத்தல் பேச்சைக் குறிக்கும் 'சார்கஸம்' கிரேக்கத்தில் சதையைக் கிழிப்பதைக் குறித்த வேரிலிருந்து வந்தது. கசப்பான ஏளனத்தைக் குறிக்கும் 'சார்டானிக்' என்பதைச் சார்டினியாத் தீவின் நச்சுப்பூண்டு ஒன்றோடு பழங்காலத்தவர் இணைத்தனர். அதைத் தின்றவர் முகம் இழுத்துக்கொண்டு சிரிப்பதுபோல் தோன்றுமாம். 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அந்தப் பூண்டு ஒரு வகை நீர்ச்செடி என்று அடையாளம் காட்டினர்.

பேச்சில் இவற்றுக்கெல்லாம் குரல் துணை நிற்கிறது. ஆனால் அந்தக் குரலும் மொழிக்கு மொழி மாறுகிறது: ஆய்வுகளில், கிண்டலாகப் பேசும்போது ஆங்கிலம் பேசுவோரின் குரல் தாழ்ந்தது, தென்சீனத்துக் கான்டனீஸ் மொழி பேசுவோரின் குரல் உயர்ந்தது. எழுத்தில் குரல் இல்லாததால் ஆங்கிலம் மேற்கோள்குறியை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டது. நம் ஊரில் ஒரு சொல்லை எடுப்பாகக் காட்டத்தான் மேற்கோள்குறி போடுகிறோம். மார்த்தாண்டத்துத் தேன் புட்டியில் 'ப்யூர்' என்று ஆங்கிலத்தில் எழுதி அதைச் சுற்றி இந்தக் குறியைப் போட்டால், ஆங்கில வாசகர் அதைச் 'சுத்தமானதாம்' என்றே படிப்பார்.